பனித்தளத்தில் விழுந்தெழுந்த கழகம்



ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. சறுக்குவதையே தொழிலாகக் கொண்ட சிலரைப் பற்றியும், அவர்களுடைய அடி ஒரு நாள் உண்மையாகவே சறுக்கிவிட்ட கதையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். சுவீடன் நாட்டிலே யேவ்லெ என்னும் நகரில் உள்ள புருனேஸ் என்ற விளையாட்டுக் கழகமே நம் கதையின் நாயகன். அக்கழகத்தார் ஆடுவது பனிக்கட்டித் தளத்தின்மீது ஆடப்படும் ஹொக்கி. 63 ஆண்டுகள் தம் நாட்டின் உயர் பிரிவிலே அசையாது நின்ற அவர்கள், 2023ஆம் ஆண்டிலே கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டார்கள். அடுத்த ஒரே பருவத்தில் மீண்டும் மேலே வந்தார்கள். அந்த ஒரு பருவத்தின் பொருள் யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஊரை அறிந்துகொள்வோம். சுவீடனின் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமிலிருந்து வடக்கே ஏறக்குறைய 170 கிலோமீற்றர் சென்றால், பொத்னியா வளைகுடாவின் கரையிலே யேவ்லெ நகரம் உள்ளது. பழைய துறைமுகப் பட்டினம் அது. 1869ஆம் ஆண்டிலே மூண்ட பெருந்தீ நகரின் பெரும்பகுதியை விழுங்கியது. மக்கள் அதனை மீண்டும் கட்டியெழுப்பினார்கள். அந்நகரத்தார்க்கு வேறொரு விசித்திரமான வழக்கமும் உண்டு. 1966ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வொரு நத்தார் காலத்திலும், வைக்கோலினால் 13 மீற்றர் அளவு உயரமான ஆட்டுக்கடா ஒன்றைச் சதுக்கத்திலே கட்டி நிறுத்துவார்கள். எத்தனை காவல் வைத்தாலும், பல ஆண்டுகளில் யாரேனும் இரவோடிரவாக வந்து அதற்குத் தீயிட்டுவிடுவதுண்டு. அடுத்த ஆண்டு அவர்கள் மீண்டும் கட்டுவார்கள். எரிந்ததைத் திரும்பக் கட்டுதல் அவ்வூராருக்குப் பழகிப்போன தொழில் எனலாம்.

அந்நகரின் தொழிலாளர் வாழும் பகுதிகளுள் ஒன்றின் பெயர்தான் புருனேஸ். 1912ஆம் ஆண்டிலே அப்பகுதி இளைஞர்கள் கூடித் தமக்கென ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். பனிக்கட்டி ஹொக்கி பின்னரே அக்கழகத்துக்குள் வந்தது. ஆயினும், பிள்ளை பிறந்து வளர்ந்தபின் தாயின் பெயரைவிடப் பிள்ளையின் பெயரே ஊரறியும் பெயராவது போல, இன்று புருனேஸ் என்றவுடன் சுவீடன் மக்களின் நினைவுக்கு வருவது பனிக்கட்டி ஹொக்கியே.

இவ்விளையாட்டை நம்மில் பலர் நேரிலே கண்டிருக்க மாட்டோம். ஆதலின் அதன் இயல்பைச் சற்று விளக்குதல் வேண்டும். 60 மீற்றர் நீளமும் ஏறக்குறைய 30 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு தளத்தை மனத்திலே வரைந்து கொள்ளுங்கள். அத்தளத்தின் அடியிலே குளிரூட்டிய திரவம் ஓடும் குழாய்கள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும். மேலே நீரை மெல்லிய படையாகத் தெளித்து உறையவிட்டு, மீண்டும் தெளித்து மீண்டும் உறையவிட்டுச் சில சென்ரிமீற்றர் தடிப்புள்ள பனிக்கட்டியை ஆக்குவார்கள். தளத்தைச் சுற்றி இடுப்பளவு உயரமான பலகைச் சுவரும், அதன்மேல் பார்வையாளரைக் காக்கும் கண்ணாடித் தடுப்பும் இருக்கும். ஆட்டத்தின் இடைவேளைகளிலே ஒரு பெரிய வண்டி வந்து, கீறல் விழுந்த மேற்பரப்பைச் சீவியெடுத்து, வெந்நீரைப் பரப்பிச் செல்லும். வெந்நீர் கீறல்களிலுள்ள பனியைச் சற்றே உருக்கி அதனோடு ஒன்றாய் உறைவதனால், தளம் கண்ணாடிபோல் மீண்டும் வழவழப்பாகின்றது.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நேரத்தில் அறுவர் ஆடுவர். அவருள் ஒருவர் கோல் காப்பாளர். பாதணியின் அடியிலே உருக்குத் தகடு. கையிலே நீண்ட மட்டை. அவர்கள் துரத்துவது பந்து அன்று. கெட்டியான இறப்பரினாலான வட்ட வில்லை. அதன் குறுக்களவு 7.62 சென்ரிமீற்றர், தடிப்பு 2.54 சென்ரிமீற்றர், நிறை ஏறக்குறைய 160 கிராம். துள்ளாமல் வழுக்கி ஓடவேண்டும் என்பதற்காக, ஆட்டத்துக்கு முன் அதனையும் குளிரிலே உறையவைப்பார்கள். வலிமையான வீரர் ஒருவர் ஓங்கியடித்தால் அது மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தையும் தாண்டிப் பறக்கும். ஆட்டநேரம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஆட்டத்தின் கடுமை காரணமாக ஒரு வீரர் ஒரு முறை தளத்தில் நிற்பது முக்கால் நிமிடம் அளவே. பின்னர் அவர் வாங்குக்குத் திரும்ப, வேறொருவர் உள்ளே பாய்வார். ஆட்டம் நிற்காமலே ஆள் மாறிக்கொண்டிருக்கும். ஆதலால் இது ஓரிருவரின் திறமையால் மட்டும் வெல்லக்கூடிய விளையாட்டன்று. இருபது பேர் ஒருவர் மூச்சை மற்றவர் வாங்கி ஆடும் விளையாட்டு.

இனி, போட்டிப் பருவம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைக் காண்போம். இதனை அறியாவிட்டால் புருனேஸ் கழகத்தாரின் துயரும் மகிழ்வும் நமக்கு விளங்கா.

சுவீடனின் உயர் பிரிவிலே 14 கழகங்கள் உள்ளன. 1975ஆம் ஆண்டிலே ‘எலீட் சேரியன்’ என்ற பெயரோடு தொடங்கிய அப்பிரிவு, 2013ஆம் ஆண்டு தொடக்கம் ‘சுவீடிஷ் ஹொக்கி லீக்’ என வழங்குகின்றது. ஒவ்வொரு கழகமும் மற்றப் பதின்மூன்றோடும் நான்கு முறை மோதும். இரண்டு முறை தன் ஊரில், இரண்டு முறை எதிரியின் ஊரில். ஆக 52 ஆட்டங்கள். செப்ரெம்பரிலே இலை பழுக்கும் காலத்தில் தொடங்கி, மார்ச்சிலே பனி உருகத் தொடங்கும் காலம்வரை இது நீளும். உரிய நேரத்துக்குள் வென்றால் மூன்று புள்ளிகள். நேரம் முடிந்தும் சமநிலையில் இருந்தால் மேலதிக நேரம் ஆடுவார்கள். அதிலும் தீராவிட்டால் தனித்தனி வீரர் கோல் காப்பாளரை எதிர்கொள்ளும் முறையால் முடிவு காண்பார்கள். அவ்வாறு வென்றவர்க்கு இரண்டு புள்ளிகள், தோற்றவர்க்கு ஒரு புள்ளி.

52 ஆட்டங்களும் முடிந்தபின் வரிசை மூன்றாகப் பிரியும். மேலே உள்ளவர்கள் சம்பியன் பட்டத்துக்கான முடிவுச் சுற்றுக்குச் செல்வார்கள். காலிறுதி, அரையிறுதி, இறுதி ஆகிய ஒவ்வொன்றும் ஏழு ஆட்டங்கள் வரை நீளக்கூடியது. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவரே மேலே செல்வர். நடுவே நிற்கும் இரு கழகங்களுக்குப் பருவம் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் பதின்மூன்றாம், பதினான்காம் இடங்களைப் பெற்ற இருவர்க்கும் ஓய்வில்லை. அவர்கள் தம்முள்ளே மோதவேண்டும். அதிலும் நான்கு வெற்றிகளே கணக்கு. வென்றவர் உயர் பிரிவிலே தங்குவர். தோற்றவர் ‘ஹொக்கி அல்ஸ்வென்ஸ்கான்’ எனப்படும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும். அவர் இடத்துக்கு, இரண்டாம் பிரிவின் 14 கழகங்களுள் முடிவுச் சுற்றிலே வாகை சூடிய ஒரே ஒரு கழகம் ஏறிவரும்.

பட்டத்துக்கான இறுதியாட்டத்தைக் காண்பவர் மகிழ்ச்சிக்காகக் காண்கின்றனர். இக்கடைநிலை மோதலைக் காண்பவரோ நெஞ்சைக் கையிலே பிடித்துக்கொண்டு காண்கின்றனர். வெல்பவர்க்குக் கிண்ணமும் இல்லை, மாலையும் இல்லை. அவர் பெறுவதெல்லாம் முன்பிருந்த இடத்திலே தொடர்ந்தும் இருக்கும் உரிமை ஒன்றே.

இவ்வுலகிலே இவ்வாறன்றி வேறு முறையும் உண்டு. வட அமெரிக்காவின் புகழ்பெற்ற தேசிய ஹொக்கி லீக்கிலே 32 அணிகள் உள்ளன. அங்கே கடைசியாக வந்த அணி எங்கும் இறங்குவதில்லை. மாறாக, அடுத்த ஆண்டு புதிய இளம் வீரரைத் தெரிவுசெய்யும்போது முன்னுரிமை பெறும் வாய்ப்பு அதற்கே அதிகம். அவ்வணிகள் செல்வர்களின் உடைமை. உடைமையாளர் விரும்பினால் அணியை வேறொரு நகருக்கே பெயர்த்துச் சென்றதும் உண்டு. சுவீடனிலோ, விளையாட்டுக் கழகம் அங்கத்தவர்களின் சொத்து. கழகம் தன் தொழில்முறை அணிக்கென ஒரு கம்பனியை அமைத்தாலும், அதன் வாக்குகளில் பெரும்பான்மை அங்கத்தவர் சங்கத்தின் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பின் விதி. சிறு தொகையைச் செலுத்தி அங்கத்தவரான ஒரு தச்சரும், பாடசாலை ஆசிரியையும், துறைமுகத் தொழிலாளியும் ஆண்டுக் கூட்டத்திலே கையுயர்த்தி வாக்களிக்கின்றார்கள். ஆகவே அங்கே ஒரு கழகம் விழும்போது, எங்கோ வாழும் ஒரு செல்வரின் முதலீடு விழுவதில்லை. ஓர் ஊரின் பொதுச்சொத்து விழுகின்றது.

புருனேஸ் கழகத்தின் பொற்காலத்தை ஒரு பார்வை பார்ப்போம். 1960ஆம் ஆண்டிலே அது உயர் பிரிவுக்கு ஏறியது. 1964ஆம் ஆண்டிலே முதன்முறையாகச் சம்பியன் பட்டம் வென்றது. பின்னர் 1966, 1967, 1968. மீண்டும் 1970, 1971, 1972. அதன்பின் எலீட் சேரியன் தொடங்கிய முதலிரு பருவங்களிலும், அதாவது 1976, 1977ஆம் ஆண்டுகளிலும். 14 ஆண்டுகளில் ஒன்பது பட்டங்கள்! தலைநகரத்துப் பெருங்கழகங்கள் வியந்து நிற்க, ஒரு தொழிலாளர் பகுதியின் பெயர் நாடெங்கும் முழங்கியது. 1980, 1993, 1999ஆம் ஆண்டுகளிலும், கழகத்தின் நூற்றாண்டாகிய 2012இலும் பட்டங்கள் தொடர்ந்தன. மொத்தம் பதின்மூன்று.

அவ்வணியின் கறுப்பும் மஞ்சளும் கலந்த சட்டையை அணிந்தவர்களுள் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அவர் பேர்யே சால்மிங். ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் உள்ள கிரூனா என்னும் சுரங்க நகரிலே 1951ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையின் வழியிலே சாமி என்னும் வடபுலத்துத் தொல்குடியைச் சேர்ந்தவர். சிறு பிள்ளையாய் இருந்தபோதே தந்தையைச் சுரங்க விபத்திலே இழந்தார். 1970ஆம் ஆண்டு புருனேஸ் அணிக்கு வந்து இரு பட்டங்களில் பங்கு பெற்று, 1973ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோ நகரத்து அணிக்குச் சென்றார். ஐரோப்பியர் மென்மையானவர், அமெரிக்கக் கண்டத்து முரட்டு ஆட்டத்தைத் தாங்கார் என்று எண்ணியிருந்த காலம் அது. அவர் தாங்கியது மட்டுமன்றி, பதினாறு பருவங்கள் அங்கே ஆடிப் பின்வந்த ஐரோப்பியர் பலர்க்கும் வழியைத் திறந்து வைத்தார். 1996ஆம் ஆண்டு, ஹொக்கி விளையாட்டின் புகழ் மண்டபத்திலே இடம்பெற்ற முதற் சுவீடன் நாட்டவரானார்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே, தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் கொடிய நரம்பு நோய் அவரைப் பற்றியுள்ளது என்ற செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டு நவம்பரிலே ரொறன்ரோ அரங்கிலே அவரை அழைத்துச் சிறப்புச் செய்தார்கள். பேச்சிழந்த நிலையிலே அவர் தளத்தின்மீது நிற்க, அரங்கமே எழுந்து நின்று கரவொலி எழுப்பியது. நவம்பர் 24ஆம் நாள் அவர் காலமானார். அந்தத் துயரத்தைத் தாங்கி நின்ற அதே பருவத்திலேதான், அவருடைய பழைய கழகமாகிய புருனேஸ் புள்ளிவரிசையின் அடியை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது.

52 ஆட்டங்களும் முடிந்தபோது புருனேஸ் கடைசி இரு கழகங்களுள் ஒன்றாய் நின்றது. மற்றையது, நாட்டின் தென்கோடியிலுள்ள மல்மோ நகரத்துக் கழகம். முன்னும் ஒரு முறை புருனேஸ் இத்தகைய விளிம்புக்கு வந்ததுண்டு. 2008ஆம் ஆண்டிலே தகுதிகாண் சுற்று ஆடித்தான் தன் இடத்தைக் காத்துக்கொண்டது. நான்கே ஆண்டுகளில் பட்டமும் வென்றது. ஆதலின் இம்முறையும் எப்படியோ தப்பிவிடுவோம் என்ற நம்பிக்கை ஊராரிடையே இருந்திருத்தல் இயல்பே. ஆனால் 2023ஆம் ஆண்டு வசந்தத்திலே மல்மோ தங்கியது, புருனேஸ் விழுந்தது. 1960 முதல் உயர் பிரிவிலே இடையறாது நின்ற பெயர் அப்பட்டியலிலிருந்து நீங்கியது.

இது புருனேஸ் கழகத்துக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. 2021ஆம் ஆண்டு, ஐந்து முறை சம்பியனான யென்ஷேப்பிங் நகரத்து எச்.வி. 71 கழகம் இறங்கியது. 2022ஆம் ஆண்டு, பதினாறு பட்டங்களோடு நாட்டிலேயே அதிக வெற்றி கண்ட ஸ்ரொக்ஹோமின் யூர்கோடன் கழகம் இறங்கியது. 2023இல் பதின்மூன்று பட்டங்கள் கொண்ட புருனேஸ். மூன்று ஆண்டுகளில் மூன்று பெரிய ஆனைகள் சறுக்கின. பழைய பட்டங்கள் சுவரிலே தொங்குமேயன்றிப் புள்ளிகளாக மாறா என்பதை நாடே கண்டது.

இறங்குவதென்றால் என்ன? பெயரளவிலே ஒரு பிரிவு கீழே செல்வதுதானே என்று நாம் எண்ணலாம். உண்மை அதனினும் கடியது. தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமைக்காக உயர் பிரிவுக் கழகங்கள் பெறும் பணம், இரண்டாம் பிரிவுக் கழகங்கள் பெறுவதைவிடப் பன்மடங்கு பெரியது. இறங்கிய கழகம் சிறந்த வீரரை வைத்துக்கொள்ளல் அரிது. உயர்ந்த சம்பளம் பெறுவோர் வேறிடம் செல்வர். ஏறிவரும் இளைஞர் மேலிடத்தை நாடுவர். எண்ணாயிரம் பேர் அளவிலே அமரக்கூடிய அரங்கின் செலவோ குறைவதில்லை. பனிக்கட்டியை உறையவைக்கும் மின்சாரத்துக்கு மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்ற வேறுபாடு தெரியாது. ஆகவே முதலாண்டிலேயே திரும்பாத கழகம், ஆண்டுக்காண்டு மெலிந்து, கீழேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு. எச்.வி. 71 ஒரே ஆண்டில் மீண்டது. யூர்கோடனுக்கோ மூன்று பருவங்கள் பிடித்தன. 2016ஆம் ஆண்டு இறங்கிய மோடோ என்னும் வடபுலக் கழகம், பல உலகப் புகழ் வீரரைப் பெற்றெடுத்த கழகமாய் இருந்தும், ஏழு ஆண்டுகள் காத்திருந்து, 2023இலே தான் ஏறியது. புருனேஸ் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்ததும் அந்த மோடோ கழகமே.

இத்தகைய அச்சத்தோடுதான் 2023ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே புருனேஸ் அணியினர் இரண்டாம் பிரிவின் பனித்தளங்களை மிதித்தார்கள். நாட்டின் பேரரங்குகளிலே ஆடிப் பழகிய அவர்கள் இப்போது சென்ற ஊர்கள் எவை? கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன வட்டாரத்திலுள்ள நிப்ரோ. சிறுவர் இலக்கிய எழுத்தாளர் அஸ்ரிட் லிண்ட்கிரேன் பிறந்த ஊராகிய விம்மர்பி. காடுகளின் நடுவே உள்ள சிற்றூராகிய திங்ஸ்ரிட். யேவ்லெயிலிருந்து திங்ஸ்ரிட் செல்வதென்றால் அறுநூறு கிலோமீற்றர் அளவிலே பஸ் வண்டிப் பயணம். அச்சிற்றூர் மக்களுக்கோ, பதின்மூன்று முறை சம்பியனான கழகம் தம் தளத்துக்கு வரும் நாள் ஒரு திருவிழா நாள். பெரியவரை வீழ்த்திவிட்டால் அது அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. ஆகவே புருனேஸ் ஒவ்வோர் ஆட்டத்திலும் எதிரியின் முழு வலிமையையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. வென்றால், வெல்லத்தானே வேண்டும் என்பார்கள். தோற்றால், ஊரெங்கும் பேச்சு.

இதனினும் பெரிய சோதனை ஒன்று அப்பருவத்தின் அமைப்பிலேயே இருந்தது. 52 ஆட்டங்களில் ஒரு கழகம் எத்துணைச் சிறப்பாக ஆடினாலும், அதனால் மட்டும் ஏற்றம் கிடைப்பதில்லை. முடிவுச் சுற்றிலே காலிறுதி, அரையிறுதி, இறுதி என்ற மூன்று வாயில்களையும் கடக்க வேண்டும். ஏறுவது ஒருவரே; இறுதியாட்டத்திலே தோற்றவருக்கு ஆறுதற் பரிசு இல்லை. குளிர்காலம் முழுவதும் உழைத்துச் சேர்த்ததெல்லாம் ஒரு கிழமைக்குள் கரைந்துபோகலாம். ஒரு முழு ஆண்டின் உழைப்பை இரண்டு வாரப் பரீட்சை நிறுத்துப் பார்ப்பதைப் பல காலம் கண்டவன் நான். இம்முறையின் கொடுமையையும் பயனையும் எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இறுதிக்கு வந்த மற்றக் கழகம் யாது? பதினாறு பட்டங்கள் கொண்ட யூர்கோடன்! நாட்டின் வரலாற்றிலே மிகுதியான பட்டங்கள் வென்ற இரு கழகங்கள், 2024ஆம் ஆண்டு வசந்தத்திலே, சம்பியன் பட்டத்துக்காக அன்றி, இரண்டாம் பிரிவிலிருந்து வெளியேறும் ஒரே வாயிலுக்காக எதிரெதிரே நின்றன. யூர்கோடன் முந்திய ஆண்டும் இதே இறுதிவரை வந்து, மோடோவிடம் தோற்றுத் திரும்பிய கழகம். இம்முறை புருனேஸ் வென்றது. யூர்கோடன் மறுபடியும் வாயிலிலே நின்றுவிட்டது. புருனேஸ் ஏற, உயர் பிரிவிலிருந்து ஒஸ்கார்ஸ்ஹாம்ன் என்னும் சிறு நகரத்துக் கழகம் இறங்கியது. ஓர் ஊரிலே வெற்றி முழக்கம் எழுந்த அதே வசந்தத்தில், மற்ற ஊரிலே மௌனம்.

கதை இவ்வளவிலே முடிந்திருந்தால், பழைய நிலைக்குத் திரும்பினார்கள் என்று சொல்லி நாமும் முடித்துவிடலாம். ஆனால் அடுத்த பருவமே பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. 2012ஆம் ஆண்டின் பட்டத்தை அணித்தலைவராய் நின்று வென்றளித்தவர் யாக்கப் சில்வர்பெரி என்பவர். யேவ்லெ நகரத்துப் பிள்ளையாகிய அவர், பன்னிரண்டு ஆண்டுகள் வட அமெரிக்காவிலே ஆடிவிட்டு, 2024ஆம் ஆண்டு தன் பழைய கழகத்துக்கே திரும்பி வந்தார். முந்திய ஆண்டு சிற்றூர்த் தளங்களிலே ஆடிய கழகம், 2025ஆம் ஆண்டு வசந்தத்திலே நாட்டின் சம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டியிலே நின்றது! அங்கே வடகோடி நகராகிய லூலியோவின் கழகம் அவர்களை வென்றது. லூலியோவுக்கு 1996ஆம் ஆண்டின் பின் அதுவே முதற் பட்டம். அவர்களும் 29 ஆண்டுகள் காத்திருந்தவர்களே. பட்டம் கைதவறியது உண்மைதான். ஆயினும் ஈராண்டுகளுக்கு முன் வீழ்ந்தவர்கள் அவ்விடத்தில் நின்றதே பெரிது. அதே 2025ஆம் ஆண்டிலே, வாஷிங்ரன் அணியோடு 2018ஆம் ஆண்டு ஸ்ரான்லி கிண்ணம் வென்ற நிக்லஸ் பெக்ஸ்ரம் என்பவரும் தன் தாய்க்கழகமாகிய புருனேசுக்குத் திரும்பினார். யூர்கோடனும் அவ்வாண்டு ஒருவாறு மேலேறியது. ஏழு ஆண்டுகள் காத்திருந்து ஏறிய மோடோவோ, இரண்டே பருவங்களில் மீண்டும் இறங்கியது. சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கின்றது.

நேயர்களே, இத்தகைய முறை நன்றா, தீதா? ஒரு கழகத்தின் வருமானத்தையும், அதிலே பணிபுரிவோர் பலரின் தொழிலையும், ஏழு ஆட்டங்களின் முடிவிலே வைப்பது நீதியா என்று கேட்போர் உண்டு. உயர் பிரிவின் கதவை மூடிவிட்டால் கழகங்கள் அச்சமின்றித் திட்டமிடலாம், கடனின்றி வாழலாம் என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிடுதல் கூடாது. விழுந்த கழகத்தின் அலுவலகத்திலே வேலையிழந்து வீடு செல்பவர்க்கு, சக்கரம் சுழலும் என்ற தத்துவம் சோறு போடாது.

எனினும் எண்ணிப் பாருங்கள். அக்கதவு 1960ஆம் ஆண்டுக்கு முன் மூடப்பட்டிருந்தால், யேவ்லெ நகரத்துத் தொழிலாளர் பகுதியின் பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம். ஏறுவதற்குத் திறந்திருந்த அதே கதவுதான் இறங்குவதற்கும் திறந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவை யார் செய்ய இயலும்? தன் முன்னோர் ஏறிவந்த வழியைத் தன் இறக்கத்துக்குப் பயந்து அடைப்பவன், இன்று திங்ஸ்ரிட்டிலும் விம்மர்பியிலும் மட்டையைப் பிடிக்கக் கற்கும் சிறுவனின் கனவையே அடைக்கின்றான்.

இன்னொன்றும் உண்டு. கீழே விழக்கூடும் என்பதனால்தான் பதின்மூன்றாம் இடத்தில் நிற்பவனின் ஆட்டத்துக்கும் பொருள் இருக்கின்றது. இழப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்திலே, மார்ச் மாதத்துக் குளிரில் எண்ணாயிரம் பேர் ஏன் கூடிநிற்க வேண்டும்? புருனேஸ் அங்கத்தவர்கள் 2023இலே தம் கழகத்தைப் பிறர் கையில் விட்டுவிட்டுப் போகவில்லை. போகவும் முடியாது, அது அவர்களுடையது. வைக்கோற் கடா எரிந்த மறுநாள், அடுத்த ஆண்டுக்கான வைக்கோலை நினைக்கும் மக்கள் அவர்கள்.

பாடசாலையிலே பரீட்சைப் பெறுபேற்றுத் தாளை ஒட்டும் நாளில், தம் பெயரை அதிலே காணாது திரும்பும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கின்றேன். அவர்களிடம் சொல்வதற்கு என்னிடம் ஒரே ஒரு செய்திதான் எப்போதும் இருந்தது: இது ஒரு பருவத்தின் முடிவு, உன் முடிவன்று. தொலைவிலுள்ள ஒரு குளிர்நாட்டிலே, பதின்மூன்று பட்டங்கள் பெற்ற ஒரு கழகம் சிற்றூர்த் தளங்களிலே மீண்டும் முதலிலிருந்து ஆடிக் காட்டியது அச்செய்தியையே. சறுக்காத காலைத் தந்துவிட எந்தப் பயிற்சியாளராலும் இயலாது. பனித்தளத்துக்கு வரும் சிறுவருக்கு அங்கே முதன்முதலாகக் கற்றுக்கொடுப்பது வேகமாக ஓடுவதை அன்று. விழுந்தபின் எழுந்து நிற்பதையே.